இன்னிக்கு எந்த பாஷை?

ரோட்டில் சாய்ந்து கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, நம் கிரேன்காரர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டீர்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டீர்கள். திருத்தணி பைபாசிலிருந்து ஆந்திரா எல்லை வரைக்கும் இந்த ரோட்டில் படுத்த வண்டிகளில் பாதி, என் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றிருக்கிறது. மீதிப் பாதியை நான் போய்ச் சேர்வதற்குள் வேறு யாரோ எழுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூட வாசலோடு திரும்பி வந்து ரோட்டோரம் நின்று லாரி பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே முருகன், கீழே ரோடு, இந்த இரண்டையும் நம்பி வளர்ந்தவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, கிரேனில் ஹெல்பராகி, கடைசியில் சொந்தமாக இரண்டு கிரேன் நிறுத்தினேன். இன்ஜினியரிங் படித்தவர்கள் என் கிரேனுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பட்டணத்துக்காரர்களுக்கு இது திருப்பதி ரோடு. ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவார்கள், வருவார்கள். நமக்கு இது விவசாயிகளின் ரோடு. கரும்பு ஏற்றிய டிராக்டர், மாங்காய் ஏற்றிய மினி லாரி, உயரம் தெரியாமல் வைக்கோல் அடுக்கிய வண்டி, இவையெல்லாம்தான் நமக்கு வேலை வைக்கும். கார் மோதினால் இன்சூரன்ஸ் ஆள் வரும்வரை நிற்கலாம். விளைச்சல் ஏற்றிய வண்டி சாய்ந்தால் நிற்க முடியாது. வெயில் ஒரு பக்கம் தின்னும், மழை ஒரு பக்கம் தின்னும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மிச்சத்தைத் தின்னும்.

உங்களிடம் இப்போது ஹைட்ராலிக் கிரேன் இருக்கிறது. ஆளுக்கொரு வாக்கி டாக்கி இருக்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பெட்டி சத்தத்தைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும், அர்த்தத்தைச் சேர்க்காது. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றித்தான்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மேஸ்திரி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. இருந்தவரைக்கும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எதற்கு? அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டி எந்தக் கோலத்தில் கிடந்தாலும், அடிபட்ட ஆள் யாரும் உள்ளே இல்லை என்று தெரிந்துவிட்டால், கயிற்றில் கை வைக்க மாட்டார். முதலில் டீ. எல்லாருக்கும் டீ, சாய்ந்த வண்டியின் டிரைவருக்கும் சேர்த்து. டிரைவர் அழுதுகொண்டிருந்தாலும் கையில் ஒரு கிளாஸைத் திணித்துவிடுவார். முதல் வாய் குடித்ததும் சுற்றிலும் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "இன்னிக்கு எந்த பாஷை?"

நம் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மீதிப் பேர் வீட்டில் தமிழ், சண்டை போடும்போது தெலுங்கு. ஆந்திராவிலிருந்து வரும் டிரைவர் ஒரு பேச்சில் இரண்டையும் கலந்துவிடுவார். எல்லாருக்கும் இரண்டும் தெரியும். கஷ்டமே அங்கேதான். தெரியாதவன் நின்று கேட்பான். தெரிந்தவன் கேட்காமல் ஓடுவான்.

மேஸ்திரி அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நகரிக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி நின்றுவிட்டது. மேஸ்திரி முன்னால் குனிந்து தலையை உள்ளே விட்டு என்னவோ பார்த்துக்கொண்டிருந்தார். கேபினில் இருந்த தெலுங்கு டிரைவர் எங்களைப் பார்த்து, "இன்ஜின் சூடு! இன்ஜின் சூடு!" என்றார். தெலுங்கில் சூடு என்றால் பார் என்று அர்த்தம். இன்ஜினைப் பாருங்கள் என்கிறார் மனிதர். எங்களில் ஒருவன் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு, சூட்டைத் தணிக்க ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அப்படியே ஊற்றினான். இன்ஜின் மேல் விழுந்தது கொஞ்சம்தான். மேஸ்திரி தலைக்குத்தான் முழு அபிஷேகம். அவர் நிமிர்ந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"நாளையிலேர்ந்து வேலைக்கு முன்ன பாஷையப் பேசி முடிச்சிடணும். இன்னிக்குத் தண்ணி ஊத்தினான். நாளிக்கு எவனாவது என் மேல லாரிய ஏத்துவான்."

அன்றிலிருந்து டீயோடு பாஷையும் முடிவாகிவிடும். தமிழ் என்றால் கடைசிவரை தமிழ். தெலுங்கு என்றால் தெலுங்கு. நான் சொந்த கிரேன் எடுத்த பிறகும் அதை விடாமல் வைத்திருந்தேன், ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆவணி மாதம். சொர்ணவாரி நெல் முற்றி நிற்கும் காலம். சாயங்காலம் ஆனால் மழை இறங்கும் காலமும் அதுதான். மதியம் சாப்பிட்டு எழுந்தேன், போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"கிரேன்காரரா?"

"ஆங், சொல்லுங்க."

"என் மிஷினு ஏரிக்குள்ள போவப் போவுது. நீ வூட்ல உக்காந்துகினு சொல்லுங்கன்ற!"

அந்த அம்மாவின் பெயர் கன்னியம்மா. மணவூர் ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். மிஷின் அவருடையது இல்லை. நெல் அறுக்கும் மிஷின், ஆந்திராவிலிருந்து வாடகைக்கு வருவது. ஆனால் அறுப்பு சீசனில் ஒரு மிஷினைப் பிடிப்பது மாப்பிள்ளை பிடிப்பதைவிடக் கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பிடித்த பிறகு அது நம்முடையதுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரி ஏரிக்கரை ஓரமாகச் சாய்ந்து நின்றது. எதிர்ப்பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோவுக்கு ஒதுங்கியிருக்கிறார் டிரைவர். முந்தின நாள் மழையில் ஊறிய மண் விட்டுக்கொடுத்துவிட்டது. இடது பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கிப் புதைந்துவிட்டன. மேலே ஏற்றியிருந்த அறுப்பு மிஷின் ஏரியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கட்டியிருந்த சங்கிலிகளில் ஒன்று அறுந்து தொங்கியது. மிச்சமிருந்த ஒன்றுதான் மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே ஏரி, தண்ணீர் கரை தட்டிக்கொண்டு நின்றது.

டிரைவர் பெயர் சுப்பராயுடு. லாரி ஓட்டுவதும் அவரே, வயலில் இறங்கி மிஷின் ஓட்டுவதும் அவரே. நல்ல உயரமான மனிதர். அன்றைக்குப் பாதி உயரத்துக்குக் குறைந்து போயிருந்தார். அவருக்கு எதிரில் கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"இன்னா நைனா, ஒரு ஆட்டோவுக்குப் பயந்துகினு ஏரில எறங்கிட்டியே. நீ மிஷினு ஓட்டுறியா, படகு ஓட்டுறியா?"

"அம்மா, ஆட்டோல பசங்க இருந்தாங்கம்மா."

அந்த அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பாகம் பிரித்தபோது கன்னியம்மாவின் கொழுந்தன், "இவ எங்க பயிர் வச்சி எடுக்கப் போறா" என்று நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறான். அதற்காகவே வைத்த முதல் பயிர் அது. நன்றாக விளைந்து, கதிர் கனத்து, முந்தின நாள் மழையில் ஒரு ஓரம் சாய்ந்தும் விட்டது. இன்னொரு மழை விழுந்தால் எல்லாம் படுத்து, சேற்றிலேயே முளைத்துவிடும். கிழக்கே வானம் அப்போதே கறுக்க ஆரம்பித்திருந்தது.

"அவன் வரப்பு மேல நின்னு சிரிச்சிகினு இருக்கான். நீ இன்னிக்கு மிஷின எடுத்துக் குடுக்கலன்னா நான் அந்த வரப்புப் பக்கமே போவ முடியாது" என்றார் கன்னியம்மா. சத்தம் போடாமல் சொன்னார். அதுவரை போட்ட சத்தத்தைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

நான் வழக்கப்படி, "எல்லாரும் ஒரு டீ..." என்று ஆரம்பித்தேன்.

"டீயா? வானத்தப் பாத்தியா? அங்க என் நெல்லு சாயுது, இங்க உனுக்கு டீ வேணுமா?"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. காரை நிறுத்திவிட்டு வந்த ஒருவர், ரிவர்ஸ் எடுத்தால் வந்துவிடும் என்றார். எதை ரிவர்ஸ் எடுப்பது என்று நான் கேட்கவில்லை. கிளம்பு கிளம்பு என்று எல்லாரும் விரட்டினார்கள். நானும் டீயை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். இந்த ரோட்டிலேயே பெரிய கிரேன்காரன், எனக்கு எதற்கு டீ என்று நினைத்தேனோ என்னவோ.

என் ஆள் தாமோதரன். பொதட்டூர்பேட்டைக்காரன், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன். முன்பு பவர்லூம் ஓட்டினவன். தறிச் சத்தத்தில் இருந்து பழகியவன் என்பதால் எவ்வளவு இரைச்சலிலும் பேச்சைப் பிடித்துவிடுவான். அன்றைக்கு அவன் வேலை சக்கரத்துக்கு ஆப்பு வைப்பது. முக்கோணமாக இழைத்த மரக்கட்டை, அதைத்தான் நாங்கள் ஆப்பு என்போம். நான் கிரேனில் இருந்து கயிற்றால் லாரியைக் கொஞ்சம் மேலே இழுப்பேன். நிறுத்துவேன். என் பழைய கிரேனுக்கு ஒரு குணம், இழுவையை நிறுத்தினால் பிரேக் உடனே பிடிக்காது, ஒரு சாண் பின்னால் போய்விட்டுத்தான் பிடிக்கும். அது போய் நின்றதும் நான் கை காட்டுவேன். அப்போது தாமோதரன் உள்ளே போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் ஆப்பை வைத்துவிட்டு வெளியே வருவான். மறுபடி இழுப்பேன். படி ஏறுவது மாதிரி ஒவ்வொரு படியாக லாரி மேலே வரும்.

சுப்பராயுடுவை லாரியிலிருந்து இறக்கி, சங்கிலி தெரியும் இடமாகப் பார்த்து ஓரமாக நிற்க வைத்தேன். "சங்கிலியப் பாத்துக்கினே இரு நைனா. எதுனா ஆச்சின்னா சொல்லு" என்றேன். எந்த பாஷையில் சொல்வது என்று சொல்லவில்லை.

முதல் இழுவை நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. கன்னியம்மாகூட முகம் தெளிந்து, "கை ராசியாத்தான் இருக்குது" என்றார். அடுத்த இழுவையில் லாரி பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது சங்கிலியின் கொக்கி மெதுவாக நழுவ ஆரம்பித்தது. சுப்பராயுடு பார்த்துவிட்டார். கையை ஆட்டிக்கொண்டு கத்தினார்:

"ஆப்பு! ஆப்பு! ஆப்பு!"

தெலுங்கில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். எனக்கு அது அப்படித்தான் கேட்டது. கை லீவருக்குப் போய்விட்டது.

தாமோதரனுக்குத் தெலுங்கு தெரியாதா? அவன் மனைவி ஆந்திராக்காரி. வீட்டில் பேசுவதே தெலுங்குதான். ஆனால் அவன் கையில் ஆப்பு இருந்தது. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் காதில் விழும், தம்பிகளே. ஆப்பு என்று கத்துகிறார்கள், சீக்கிரம் வைக்கச் சொல்கிறார்கள் என்று, நான் கை காட்டுவதற்கு முன்பே கட்டையோடு சக்கரத்துக்குப் பின்னால் பாய்ந்துவிட்டான்.

லீவரில் கை வைத்த நான் பார்த்தது அவன் முதுகைத்தான். இப்போது நிறுத்தினால் லாரி ஒரு சாண் பின்னால் போகும். அவன் கை இருப்பதே அந்த ஒரு சாணுக்குள்தான். நிறுத்தாமல் இழுத்தால் கொக்கி கழன்று மிஷின் ஏரிக்குப் போகும். கன்னியம்மாவின் நெல் போகும். சுப்பராயுடுவின் பிழைப்பு போகும். இந்த ரோட்டில் என் பெயரும் போகும். சுப்பராயுடு இன்னும் கத்திக்கொண்டிருந்தார், "ஆப்பய்யா! ஆப்பு!"

மேஸ்திரி சொல்லுவார், முதல்ல ஆளு, அப்புறம் வண்டி, அதுக்கப்புறம்தான் சரக்கு என்று. டீக் கடையில் உட்கார்ந்து கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சரக்குக்குச் சொந்தக்காரி உங்கள் கண் எதிரில் நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

நான் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்தேன், எறும்பு ஊர்வது மாதிரி. கயிறு விறைப்பு குறையாமல் இழுத்துக்கொண்டே, "தாமு, வெளிய வா! வெளிய வா!" என்று கத்தினேன். அவன் கட்டையைக் காலால் ஒரு உதை விட்டு இறுக்கிவிட்டுத்தான் உருண்டு வெளியே வந்தான். அதே நொடியில் கொக்கி கழன்றது. மிஷின் ஒரு முனகல் முனகி ஏரிப் பக்கம் சாய்ந்தது. "அய்யோ முருகா!" என்று கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இழுவையை நிறுத்த லீவரை இழுத்தேன். லாரி பின்னால் நகர்ந்தது. ஒரு சாண் போகவில்லை. நாலு விரற்கடைகூடப் போகவில்லை. தாமோதரன் வைத்த ஆப்பில் மோதி, குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டது. வழக்கமான அந்த ஒரு சாண் ஆட்டம் ஆடியிருந்தால் மிஷின் ஏரிக்குள் இருந்திருக்கும். ஆட்டம் இல்லாததால் சாய்ந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

அதாவது, ஒருவன் நிறுத்து என்று கத்தினான், இன்னொருவன் தப்பாகக் கேட்டு ஆப்பு வைத்தான், அந்த ஆப்புதான் லாரியை நிறுத்தியது. நான் சரியான நேரத்தில் சரியாக இழுத்ததும் ஒரு காரணம், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆள் பிழைத்தான், மிஷின் பிழைத்தது. உடனே சண்டை ஆரம்பித்தது.

"ஆப்பு ஆப்புன்னு தொண்ட கிழியக் கத்துறேன், நீ ஏன்யா உள்ள போன?" என்றார் சுப்பராயுடு.

"நீதானே பாவா ஆப்புன்ன? வச்சேன். வச்சது தப்பா?"

"நான் நிறுத்தச் சொன்னேன்!"

"நின்னுச்சா இல்லியா?"

சுப்பராயுடு லாரியைப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தது.

"ரெண்டு பேரும் ஆப்ப வுடுங்க, மழ வருது!" என்றார் கன்னியம்மா.

நான் கிரேனிலிருந்து கீழே இறங்கினேன். மிஷினுக்கு முதலில் இரண்டு சங்கிலி போட்டு இறுக்கினோம். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. விசில்தான். ஒரு விசில்னா நிறுத்து. கட்டய நான் கை காட்டினாத்தான் வைக்கணும்" என்றேன். விசிலைச் சுப்பராயுடு கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு லாரி சாமி தேர் மாதிரி நிதானமாக ரோட்டுக்கு ஏறி வந்தது.

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் மிச்சத்தைச் சொல்லாவிட்டால் தாமோதரன் என்னைச் சும்மா விடமாட்டான்.

மிஷின் இறங்கும் சாய்தளப் பலகை வளைந்து போயிருந்ததால், அதை வயலில் இறக்கவும் கிரேன் வேண்டியிருந்தது. பின்னாலேயே போனோம். கன்னியம்மா லாரிக்கு முன்னால் ஒரு பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற மாட்டையெல்லாம் அதட்டிக்கொண்டே வழிகாட்டினார். வயலில் மிஷினை இறக்கினோம். சுப்பராயுடு ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்த மனிதரின் பழைய உயரம் திரும்பி வந்துவிட்டது. சாய்ந்த கதிரைக்கூட வாரி எடுத்து அறுத்தார்.

அந்த வயலுக்கு அடுத்தது கொழுந்தன் வயல். நாற்று தள்ளி நட்டதால் அவன் பயிர் இன்னும் பச்சையாக நின்றது. கன்னியம்மா சொன்னபடியே கொழுந்தன் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். இப்போது சிரிப்பு இல்லை. மிஷின் தன் பயிரில் ஒரு அடி ஏறினால் போதும், பஞ்சாயத்தைக் கூட்டிவிடலாம் என்று காலை அகட்டி நின்றான். கடைசி வரிசை. தூறல் ஒன்றிரண்டு விழ ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் சுப்பராயுடு வேகமாக வரப்பை நோக்கி வந்தார். மிஷின் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. ஏரிக்கரையில் சுப்பராயுடுவிடம் திரும்ப வாங்கிய விசில் என் கிரேனில் கிடந்தது.

கன்னியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினார். இரண்டு கையையும் தூக்கி, ஏரிக்கரையில் கற்றுக்கொண்ட வார்த்தையை அடிவயிற்றிலிருந்து விட்டார்:

"ஆப்பு! ஆப்பு நைனா! ஆப்பு!"

குரல் கேட்டோ, தூக்கிய கையைப் பார்த்தோ, மிஷின் நின்றது. வெட்டும் பல் வரப்பு விளிம்பில் நின்றது. கொழுந்தன் பயிரில் ஒரு தாள்கூட மடங்கவில்லை. அவன் குனிந்து பார்த்தான், சுற்றி வந்து பார்த்தான். பஞ்சாயத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் வீட்டுப் பக்கம் நடந்தான்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. திரும்பினால் தாமோதரன். கையில் கட்டையோடு சேற்றில் விழுந்து எழுந்து மிஷினைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.

"டேய், உன்ன இல்லடா!" என்றார் கன்னியம்மா. மிஷின் மேல் இருந்த சுப்பராயுடு சிரித்த சிரிப்பில் இன்ஜினே அணைந்துபோனது.

நெல்லை டிராக்டரில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடினோம். மூடி முடித்தபோது மழை கொட்டியது. மோட்டார் கொட்டகைக்குள் எல்லாரும் ஒண்டிக்கொண்டோம். கன்னியம்மா வீட்டிலிருந்து தூக்குவாளியில் டீ வரவழைத்து, அவர் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டாவது முறையும் ஊற்றினார். நான் முதல் வாய் குடித்துவிட்டு, மேஸ்திரி மாதிரியே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன்.

"இன்னிக்கு எந்த பாஷை?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு டீ குடிக்கிற பாஷை" என்றார் கன்னியம்மா.